போய்ச் சேர்ந்ததும் ஒரு போன்: வேலைப் பயணமும் பாதுகாப்பும் (வாசகர் கேள்வி – பதில்)

அலுவலக வேலையாக நாடு விட்டு நாடு போகிறவர்களும், அவர்களை அனுப்பி வைப்பவர்களும் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மொத்தம் நாற்பது பேர். ஏழெட்டுப் பேர் அடிக்கடி வெளிநாடு போய் வருகிறார்கள். டிக்கெட்டும் ஓட்டலும் போட்டுக் கொடுப்பதோடு என் வேலை முடிகிறது. பாதுகாப்புக்கென்று எதுவும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: போனிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டில் யார் கிளம்பினாலும் "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்கிறோமே, அதையே அலுவலகமும் சொல்ல வேண்டும். அதோடு, அந்தப் போன் வராவிட்டால் யார், எத்தனை மணிக்கு, என்ன செய்வது என்பதையும் பயணத்துக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் இல்லாதது இந்த இரண்டாவது பாதிதான்.

ஒரு கணக்கு பாருங்கள். விமானம் இரவு 11.10க்கு இறங்குகிறது. குடிவரவுச் சோதனை, பெட்டி எடுப்பது, வண்டிப் பயணம் எல்லாம் சேர்த்து 12.45க்குள் ஓட்டல் அறைக்குப் போய்விடலாம். முக்கால் மணி நேரம் தாராளம் கொடுத்து, 1.30 என்று கெடு வையுங்கள். கெடு தாண்டியதும் முதலில் விமானம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். பாதிக் கவலை பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். இறங்கியிருந்தால் ஒரு செய்தி அனுப்புங்கள். கால் மணியில் பதில் இல்லையென்றால் போன். எடுக்கவில்லையென்றால் ஓட்டலுக்கு. "அவர் வந்துவிட்டாரா?" என்று கேட்டால் பல ஓட்டல்கள் விருந்தினர் விவரத்தைச் சொல்லாது, சொல்லவும் கூடாது. "அவர் அறைக்கு இணைப்புக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அங்கும் ஆள் இல்லையென்றால் வண்டி அனுப்பிய நிறுவனம், அந்த ஊரில் சந்திக்கவிருந்தவர். கெடு தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் மேலாளரை எழுப்ப வேண்டும். காப்பீட்டு உதவி எண், தூதரகம், காவல்துறை, குடும்பம் ஆகியவற்றில் எதை யார் அழைப்பது என்பதை அவர் முடிவு செய்வார்.

இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, நேரம். அங்கே இரவு 1.30 என்றால் இங்கே எத்தனை மணி என்று இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாவிட்டால், அவசரத்தில் கூட்டிக் கழித்துத் தப்பாகத்தான் வரும். இன்னொன்று, ஆள். கெடு நேரத்தில் விழித்திருக்கப் போவது யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். அவர் போன் சைலன்ட்டில் இருந்தால் அடுத்தவர் யார் என்றும் எழுதுங்கள். "டிராவல் டெஸ்க் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

ஆளுக்கு ஒரு பக்கம் தயார் செய்து வையுங்கள்: பாஸ்போர்ட், விசா நகல்கள், விமான எண்கள், ஓட்டலின் நேரடித் தொலைபேசி எண், ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்துகள், வீட்டில் தகவல் சொல்ல வேண்டியவர், காப்பீட்டு எண். இது அந்தரங்கத் தகவல். எல்லோரும் திறக்கும் கோப்புறையில் போடாதீர்கள். பொறுப்பான இருவருக்கு மட்டும் கையில் கிடைத்தால் போதும்.

பயண அபாய மேலாண்மைக்கென்றே 2021இல் ஐ.எஸ்.ஓ. 31030 என்ற சர்வதேச வழிகாட்டி வந்தது. அது வழிகாட்டிதான், சான்றிதழ் தரும் தரநிலையாக எழுதப்பட்டதல்ல. அதிலிருந்து சின்ன நிறுவனமும் எடுத்துக்கொள்ளக்கூடியது, போகும் நாட்டை மட்டும் பார்க்காமல் போகிற ஆளையும் அங்கே செய்யப்போகும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது. ஒரே ஊருக்கு இருவர் போகிறார்கள். ஒருவர் ஓட்டல் அரங்கிலேயே கூட்டம் முடித்துத் திரும்புகிறார். மற்றவர் இருட்டிய பிறகு 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொழிற்சாலைக்கு வண்டியில் போகிறார். இரண்டுக்கும் ஒரே அனுமதிப் படிவம் என்றால் அந்தப் படிவத்தால் பயனில்லை.

கேள்வி: விமான நிலையத்தில் என் பெயர்ப் பலகையுடன் டிரைவர் நிற்பார் என்கிறார்கள். அதிலும் ஏமாற்று நடக்குமா?

பதில்: நடக்கும். பலகையில் உங்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் பளிச்சென்று இருந்தால், அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் அதேபோல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாசலுக்கு இன்னும் பக்கத்தில் வந்து நின்றுவிடலாம். களைத்து வருகிறவர் கண்ணில் முதலில் படும் பலகையை நோக்கித்தான் நடப்பார்.

அதனால் பலகையில் நிறுவனப் பெயரே வேண்டாம். நீங்களும் வண்டி நிறுவனமும் முன்பே பேசிக்கொண்ட ஒரு சொல்லோ எண்ணோ போதும். டிரைவர் பெயர், படம், வண்டி எண் மூன்றும் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் உங்கள் போனுக்கு வந்திருக்க வேண்டும். இறங்கிய இடத்தில் இணையம் கிடைக்காமல் போகலாம் என்பதால் அதைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் "இன்னாருக்காக வந்தவர்தானே?" என்று நீங்களே பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். யாராக இருந்தாலும் "ஆமாம்" என்றுதான் சொல்வார். "யாரை அழைத்துப் போக வந்தீர்கள்? எந்த ஓட்டலுக்கு?" என்று கேளுங்கள், பதில் அவர் வாயிலிருந்து வரட்டும்.

வண்டி எண் பொருந்தவில்லையென்றால் ஏறாதீர்கள். "வண்டி ரிப்பேர், அதனால் மாற்றி அனுப்பினார்கள்" என்றால், முனையத்துக்குள்ளேயே நின்று வண்டி நிறுவனத்துக்குப் போன் போட்டு உறுதிசெய்யுங்கள். அவர் நீட்டும் போனில் பேசாதீர்கள், உங்களிடம் இருக்கும் எண்ணில் பேசுங்கள்.

பின் இருக்கையில் சீட் பெல்ட் இல்லாத வண்டியையும் இதே கண்டிப்போடு திருப்பி அனுப்பலாம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். வெளிநாடு போகிறவர் குண்டுவெடிப்புக்குப் பயப்படுகிறார், வண்டியில் ஏறியதும் பெல்ட்டை மறந்துவிடுகிறார்.

கேள்வி: இறங்கியதும் வாடகைக் காரை நானே ஓட்டிக்கொண்டு போவது வழக்கம். செலவும் நேரமும் மிச்சம். தவறா?

பதில்: பகல் பயணம், குறைந்த தூரம், நன்றாகத் தூங்கி எழுந்த உடம்பு என்றால் தவறில்லை. நீண்ட பயணத்துக்குப் பின் உடனே என்றால் வேண்டாம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அந்த அளவுக்கு மேல் வண்டி ஓட்டுவதே குற்றம். வீட்டில் எழுந்த நேரத்திலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள், விமானத்தில் கண்ணயர்ந்த அரை மணியைக் கழிக்காமல். சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதும் மாறும் நாடாக இருந்தால், முதல் நாள் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதே நல்லது. நிறுவனம் இதை விதியாகவே எழுதிவிட்டால், டாக்ஸி ரசீதுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: ஓட்டலில் எத்தனையாவது மாடியில் அறை கேட்பது நல்லது? தீ பற்றினால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தரைத்தளத்தில் சன்னல் வழியாக யாரும் நுழைந்துவிடலாம். மிக உயரத்தில் தீயணைப்பு ஏணி எட்டாது. பல ஊர்களின் ஏணிகள் எட்டும் உயரம் சுமார் 30 மீட்டர். ஆகவே மூன்றிலிருந்து ஆறு மாடிக்குள் கேட்பது பொதுவான நடைமுறை. கிடைக்கவில்லை என்றால் அதற்காக ஓட்டலை மாற்ற வேண்டியதில்லை. மாடி எண்ணைவிடப் புகையைப் பற்றித் தெரிந்திருப்பது முக்கியம்.

லாஸ் வேகாஸில் 1980 நவம்பர் 21 அன்று எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டலில் தீ பிடித்தது கீழே சூதாட்டக் கூடத்தை ஒட்டி. இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் நெருப்பைக் கண்ணால்கூடப் பார்க்காமல், மேல் மாடிகளில் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். லிப்ட் ஏறி இறங்கும் குழியும் படிக்கட்டும் புகைபோக்கி போல வேலை செய்து புகையை மேலே ஏற்றிவிட்டன.

அதனால் அறைக்குப் போனதும், பெட்டியைத் திறப்பதற்கு முன் இரண்டு நிமிடம் இதைச் செய்யுங்கள். உங்கள் கதவிலிருந்து அவசரப் படிக்கட்டு வரை நடந்து, இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். எதிர்ப்பக்கமும் ஒரு படிக்கட்டு இருக்கும், அதற்கும் எண்ணுங்கள். புகை மண்டிய நடைபாதையில் எதுவும் தெரியாது. தரையோடு தவழ்ந்து, சுவரைக் கையால் தடவிக்கொண்டு, "ஐந்தாவது கதவு, ஆறாவது கதவு, இதோ படிக்கட்டு" என்றுதான் போக முடியும். படிக்கட்டுக் கதவைத் தள்ளியும் பாருங்கள். பூட்டியிருந்தாலோ, பின்னால் பழைய நாற்காலிகளை அடுக்கியிருந்தாலோ உடனே ரிசப்ஷனில் சொல்லுங்கள். சரிசெய்ய மாட்டோம் என்றால் அந்த ஓட்டலை மாற்றத்தான் வேண்டும்.

தூங்கும்போது அறைச்சாவி, போன், செருப்பு மூன்றும் கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். அலாரம் அடித்தால் கதவைப் புறங்கையால் மேலிருந்து கீழ் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லையென்றால் மெல்லத் திறந்து, வெளியே வந்ததும் கதவைச் சாத்துங்கள். சாவி கையில் இருப்பது எதற்கென்றால், படிக்கட்டில் புகை இருந்து திரும்பி வர நேர்ந்தால் அறைக்குள் நுழைய முடிய வேண்டும். லிப்ட் வேண்டவே வேண்டாம்.

கதவு சுட்டால் திறக்காதீர்கள். துண்டுகளை நனைத்துக் கதவின் அடி இடுக்கிலும் ஏசி துவாரத்திலும் அடையுங்கள். குளியல் தொட்டி இருந்தால் தண்ணீர் நிரப்பி வையுங்கள். துண்டு காயக் காய நனைக்கலாம். ஏசியை நிறுத்துங்கள். தீயணைப்புத் துறைக்கே நேராகப் போன் செய்து அறை எண்ணைச் சொல்லுங்கள், ரிசப்ஷனில் அந்த நேரம் ஆள் இல்லாமல் போகலாம். சன்னலில் வெளிர்நிறத் துணியை ஆட்டுங்கள். கண்ணாடியை உடைக்காதீர்கள். கீழ் மாடிப் புகை உள்ளே வரத் தொடங்கினால் பிறகு மூட வழி இருக்காது.

தனி வீடோ அபார்ட்மென்டோ எடுத்துத் தங்குகிறவர்கள் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். எரிவாயு ஹீட்டர் பழுதானால் வரும் அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் வெளியே ஓடுங்கள். மாத்திரை தேடிக்கொண்டு உள்ளே உட்காராதீர்கள்.

கேள்வி: தனியாகப் பயணம் போகும் பெண் நான். "அந்த ஊருக்கு உன்னை அனுப்ப முடியாது" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியா?

பதில்: ஆபத்து இருக்கிறது என்றால் அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பெயரை நீக்குவது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. உங்கள் வாய்ப்பைப் பறிப்பதுதான். அவரிடம் நீங்கள் கேட்கக்கூடியவை இவை: பகலில் இறங்கும் விமானம், அது சில மணி நேரம் சுற்றி வந்தாலும் சரி, இருபத்துநான்கு மணி நேரமும் ரிசப்ஷனில் ஆள் இருக்கும் ஓட்டல், கூட்டம் நடக்கும் இடத்துக்கு நடந்தே போகும் தூரம், நம்பகமான வண்டி. பயணச் செலவு வரம்பு இதற்குத் தடையாக இருந்தால் வரம்பைத்தான் மாற்ற வேண்டும்.

ஓட்டலில் ரிசப்ஷன் ஊழியர் அறை எண்ணை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னால், தயங்காமல் வேறு அறை கேளுங்கள். எண்ணை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு இருந்தால் அது பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கேட்காத "ரூம் சர்வீஸ்" கதவைத் தட்டினால், திறக்காமல் ரிசப்ஷனுக்குப் போன் செய்து கேளுங்கள். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று பையில் இடமே எடுக்காது. உள்பக்கம் திறக்கும் கதவுக்கு அது பூட்டைப்போல உதவும். லிப்டில் கூட வருகிறவர் உங்களைச் சங்கடப்படுத்தினால் உங்கள் மாடியில் இறங்காமல் ரிசப்ஷனுக்கே திரும்பிப் போங்கள். இவையெல்லாம் ஆண்களுக்கும் பொருந்தும், அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன். இரவுத் தூக்கத்துக்கும் மாத்திரை உண்டு. பயணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அது உறைந்துவிடலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் நம்பிப் போடக் கூடாது. பயண நாட்களுக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு பைகளில் பிரித்து, இரண்டையும் உங்களோடு. கைப்பையில் திரவத்துக்கு உள்ள 100 மில்லி வரம்பிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு. சோதனையில் நீங்களே முன்கூட்டிச் சொல்லி, மருத்துவர் கடிதத்தைக் காட்டுங்கள். நேரம் மாறும் நாடுகளுக்குப் போகையில் ஊசி அளவையும் நேரத்தையும் எப்படி நகர்த்துவது என்று உங்கள் மருத்துவரிடம் மணிக்கணக்கோடு எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

தூக்க மாத்திரை விஷயத்தில் சட்டம் குறுக்கே வரும். ஒரு நாட்டில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும் தூக்க மருந்து, கோடீன், டிராமடால் போன்ற வலிநிவாரணிகள் இன்னொரு நாட்டில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்காகலாம். கவனக்குறைவு நோய்க்கான (ஏடிஎச்டி) ஆம்பெட்டமைன் மருந்துகளைச் சீட்டு இருந்தாலும் ஜப்பான் அனுமதிப்பதில்லை. போகும் நாட்டின் தூதரகத் தளத்தில் மருந்தின் வேதிப்பெயரை வைத்துத் தேடுங்கள், வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாட்டுக்குப் போவதாக இருந்தால், சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். கிளம்பும் வாரத்தில் போட்டால் எல்லையில் நிறுத்துவார்கள். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்று ஆயுள் முழுதும் செல்லுபடி.

நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போனால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டும் வாய்ப்பு கூடும். ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு. ஆனால் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், முன்பே கட்டு வந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே ஏற வேண்டும். பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை போங்கள்.

கேள்வி: பவர்பேங்கை ஒரு விமான நிலையத்தில் அனுமதிக்கிறார்கள், இன்னொன்றில் பிடுங்கிக்கொள்கிறார்கள். என்னதான் விதி?

பதில்: கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் கூடாது. பவர்பேங்கில் மில்லி ஆம்பியர்-மணி போட்டிருக்கும். அதை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, கவலையில்லை. எழுத்து அழிந்து அளவு தெரியாவிட்டால் பிடுங்கத்தான் செய்வார்கள். சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் அந்நாட்டின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாதது போகாது. உப்பிய பவர்பேங்கை எங்கும் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: லேப்டாப்பில் வாடிக்கையாளர் தகவல் நிறைய இருக்கிறது. விமான நிலைய வைஃபையை விட்டால் வழியில்லையா?

பதில்: போனின் ஹாட்ஸ்பாட் இருக்கிறது, பெரும்பாலும் அதுவே போதும். பொது வைஃபையில் உள்ள ஆபத்து, ஓட்டல் பெயரிலேயே வேறொருவர் ஓர் இணைப்பை உருவாக்கி வைப்பது. "தானாக இணை" என்ற வசதி அணைந்திருந்தால் லேப்டாப் தானாகப் போய் அதில் விழாது. நிறுவனத்தின் விபிஎன் (தகவலை மறைத்து அனுப்பும் தனி இணைப்பு) வழியாக வேலை செய்யுங்கள். சில நாடுகளில் விபிஎன்னுக்கே கட்டுப்பாடு உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் வைஃபையைவிட அதிகம் தகவல் போவது, தொலைந்த லேப்டாப்பில். வட்டு முழுவதும் குறியாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்திருக்க வேண்டும். பயணத்தின்போது மூடியை மட்டும் சாத்தாமல் முழுதாக அணையுங்கள். உறக்க நிலையில் இருக்கும் லேப்டாப்பில் குறியாக்கச் சாவி நினைவகத்திலேயே இருக்கும். அந்தப் பயணத்துக்குத் தேவையில்லாத கோப்புகள் அதில் இருக்கவே வேண்டாம். தொலைந்தால் திட்டு விழுமோ என்று மறுநாள் வரை தேடிக்கொண்டிருக்காமல் உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். திட்டாமல் இருப்பது மேலாளர்களின் பொறுப்பு. திட்டினால் அடுத்தவர் மூன்று நாள் கழித்துத்தான் சொல்வார்.

கேள்வி: கூட்டம் முடிந்து இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வர நினைக்கிறேன். அலுவலகக் காப்பீடு செல்லுமா?

பதில்: பல திட்டங்களில் செல்லாது, அல்லது முன்கூட்டி எழுதிக் கேட்டால் மட்டும் செல்லும். நாள் கணக்கை மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயத்துக்குக் காப்பீடு உண்டா என்று தேடுங்கள்: மருத்துவ விமானத்தில் அழைத்து வரும் செலவு, முன்பே இருக்கும் நோய், மோட்டார் சைக்கிள், போகவேண்டாம் என்று அரசு எச்சரித்த இடம். அடிபட்டால், நினைவிருக்கும் நிலையில், பெரிய செலவுக்கு முன் காப்பீட்டு உதவி எண்ணை அழையுங்கள். அவர்களுக்குச் சொல்லாமல் செலவு செய்தால், பணம் தர மறுக்க அதுவே ஒரு காரணமாகிவிடும்.

சுற்றுலா விசாவில் போய் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் தடுத்து வைப்பார்கள். அந்த நிலையில் விபத்தும் நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது விசாவைத்தான்.

கேள்வி: கத்தியைக் காட்டி எல்லாவற்றையும் பறித்துவிட்டால், தெரியாத ஊரில் அடுத்து என்ன?

பதில்: கேட்டதைக் கொடுங்கள், மெதுவாக. எதை எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். சட்டென்று பைக்குள் கைவிட்டால் ஆயுதம் எடுப்பதாக நினைப்பார்கள். ஏடிஎம்முக்கு இழுத்துப்போய்ப் பணம் எடுக்கவைக்கும் கடத்தல் உண்டு என்பதால், பயணத்துக்கு எடுத்துப்போகும் கார்டின் தினசரி வரம்பைக் கிளம்பும் முன்பே குறைத்து வையுங்கள். இன்னொரு கார்டு ஓட்டல் பெட்டகத்தில் இருக்கட்டும்.

ஆள் நடமாட்டமுள்ள கடைக்கோ ஓட்டலுக்கோ போய் ஒரு போன் கேளுங்கள். பெரும்பாலான மொபைல் நெட்வொர்க்குகளில் 112 அவசர உதவிக்கு இணைக்கும். அலுவலக எண்ணும் வீட்டு எண்ணும் மனப்பாடமாக இல்லாதவர்கள், போனோடு அவையும் போய்விட்டன என்று அப்போதுதான் உணர்வார்கள். ஒரு துண்டுத் தாளில் பேனாவால் எழுதி, பர்சில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

பாஸ்போர்ட் போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலைக் கையோடு வாங்குங்கள். நகல் இல்லாமல் தூதரகத்திலும் காப்பீட்டிலும் எதுவும் நகராது. கைதாகும் நிலை வந்தாலும், உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு தருகிறது. தூதரகம் அவசரப் பயண ஆவணம் கொடுத்ததும் நேராக விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். உங்கள் விசாவும் நுழைவு முத்திரையும் தொலைந்த பாஸ்போர்ட்டில்தான் இருந்தன. பல நாடுகளில் குடிவரவு அலுவலகத்தில் தனியாக வெளியேற அனுமதி வாங்க வேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே புதிய டிக்கெட்டை அலுவலகத்தில் போடச் சொல்லுங்கள், ஓட்டல் அறையையும் அதுவரை காலி செய்ய வேண்டாம்.